தோமையார் திருநாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் கடைசி வாரம் வந்துவிட்டால் மறைக்கல்வி வகுப்பிலும் அன்பியக் கூட்டத்திலும் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு) கோவில் வாசலிலும் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சிலர் வெளிப்படையாகக் கேட்பார்கள். சிலர் எல்லாரும் போனபிறகு தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

ஜூலை 3 யாருடைய திருநாள்?

இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் ஒருவரான புனித தோமாவின் திருநாள். நம் ஊர்ப் பேச்சில் தோமையார். இந்தியாவுக்கு நற்செய்தியைக் கொண்டுவந்தவர் அவர் என்பது இங்குள்ள கிறிஸ்தவர்களின் நெடுங்கால மரபு. அதனால் மற்ற நாடுகளில் 'விழா' என்ற அளவில் இருக்கும் இந்த நாள் இந்தியாவில் 'பெருவிழா'. பூசையில் (திருப்பலியில்) 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவார்கள், நம்பிக்கை அறிக்கையும் உண்டு. அவர் மறைச்சாட்சி என்பதால் குருவின் திருவுடை சிவப்பு.

எங்க பாட்டியின் பூசைப் புத்தகத்தில் டிசம்பர் 21 என்று போட்டிருக்கிறதே?

பாட்டியின் புத்தகம் சரிதான். 1969-இல் ரோமை நாள்காட்டியைத் திருத்தும்வரை டிசம்பர் 21-தான் தோமையார் திருநாள். கிறிஸ்து பிறப்புக்கு நான்கு நாள் முன்னால், திருவருகைக் காலத்தின் நடுவே வந்ததால் மாற்றினார்கள். ஜூலை 3 புதிதாகக் கண்டுபிடித்த தேதி இல்லை. தோமாவின் எலும்புகள் எடெஸ்ஸா நகருக்குக் கொண்டுபோகப்பட்டதை சிரியத் திருச்சபைகள் அந்த நாளில் நெடுங்காலமாக நினைவுகூர்ந்துவந்தன. எடெஸ்ஸா என்பது இன்றைய துருக்கியில் இருக்கும் ஊர்ஃபா. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் 'துக்றானா' என்று கொண்டாடுவதும் இதே நாளைத்தான். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அக்டோபர் 6.

இது கடன் திருநாளா? அன்றைக்குப் பூசைக்குப் போகாவிட்டால் பாவமா?

லத்தீன் வழிபாட்டு முறையில் இருக்கும் நமக்கு இது கடன் திருநாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மட்டும், ஞாயிறு என்பதாலேயே கடன். 2022-இல் அப்படி வந்தது. அப்போது இந்தியாவில் பொதுக்கால ஞாயிறு விலகிக்கொள்ள, தோமையார் பூசையே நடந்தது. பெருவிழா என்பதால் கிடைக்கிற முன்னுரிமை அது. அரசு விடுமுறை கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் காலைப் பூசையோ மாலைப் பூசையோ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2026-இல் ஜூலை 3 வெள்ளிக்கிழமை வருகிறது. கறி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். சுத்தபோசனம் (கறியைத் தவிர்ப்பது) எல்லா வெள்ளிக்கிழமையும் உண்டு, ஆனால் அன்று ஒரு பெருவிழா விழுந்தால் அந்தக் கடமை இல்லை என்று திருச்சபைச் சட்டமே (எண் 1251) சொல்கிறது. இந்தியாவில் தோமையார் நாள் பெருவிழா என்பதை முதல் பதிலிலேயே பார்த்தோம். விழா அளவில் மட்டும் கொண்டாடும் நாட்டில் இருக்கிற உங்கள் அண்ணனுக்கு இந்தச் சலுகை பொருந்தாது!

அது முதல் வெள்ளியும்கூட. ஒன்பது மாதம் விடாமல் முதல் வெள்ளியில் நற்கருணை வாங்கும் 'ஒன்பது முதல் வெள்ளி' பக்தியைக் கடைப்பிடிப்பவர்கள் வழக்கம்போல் ஒப்புரவு செய்து நற்கருணை வாங்கலாம், கணக்கு விட்டுப்போகாது. பூசை மட்டும் இயேசுவின் திரு இருதயத்துக்குரியதாக இல்லாமல் தோமையாருடையதாக இருக்கும்.

பைபிளில் தோமையாரைப் பற்றி நிறைய இருக்கிறதா?

ரொம்பக் குறைவு. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் பன்னிருவர் பட்டியலில் பெயரைச் சொல்வதோடு சரி. திருத்தூதர் பணிகள் நூலிலும் அப்படியே. யோவான் ஒருவர்தான் அவரைப் பேசவிடுகிறார். இலாசர் இறந்த செய்தி வந்து, உயிருக்கு ஆபத்தான யூதேயாவுக்கு இயேசு திரும்பப் புறப்படும்போது, "நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்" என்று உடன் சீடர்களிடம் சொன்னவர் தோமா (11:16). கடைசி இரவு உணவில் "நீர் எங்கே போகிறீர் என்றே எங்களுக்குத் தெரியாது" என்று குறுக்கே கேட்டவரும் அவரே (14:5). அப்புறம் எல்லாருக்கும் தெரிந்த அந்த உயிர்ப்புக் காட்சி (20:24-29). கடைசியாக, திபேரியக் கடலில் இரவெல்லாம் மீன்பிடித்தும் ஒன்றும் கிடைக்காத படகில் அவரும் இருந்தார் (21:2).

எல்லாம் சேர்த்துப் படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. திருநாளுக்கு முந்தைய இரவு வீட்டில் உட்கார்ந்து படித்துவிடலாம்.

சந்தேகப்பட்டவருக்கு எதற்குப் பெருவிழா? பேதுரு பவுல் மாதிரி பெரியவரா அவர்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். பெரியவர்களுக்கும் உள்ளுக்குள் இருக்கும், கேட்கமாட்டார்கள். கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்போம். உயிர்த்த அன்று மாலை இயேசு வந்தபோது தோமா அங்கே இல்லை. எங்கே போனார் என்று யோவான் சொல்லவில்லை. மற்றவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே பயந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறார். "ஆண்டவரைக் கண்டோம்" என்று அவர்கள் சொன்னதும் தோமா, ஆணித் தழும்பைப் பார்த்து, அதில் விரலை விட்டு, விலாவில் கையை இட்டாலன்றி நம்பமாட்டேன் என்றார். யோசித்தால், அவர் புதிதாக எதையும் கேட்கவில்லை. மற்றவர்களுக்கும் இயேசு கைகளையும் விலாவையும் காட்டியிருந்தார். அவர்கள் பார்த்ததைத்தான் இவரும் கேட்டார். மகதலா மரியா முதலான பெண்கள் சொன்னபோது திருத்தூதர்களே அதைப் பிதற்றலாக எண்ணினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பெயர் கெட்டது தோமாவுக்கு மட்டும்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அடுத்த வரி. எட்டு நாள் கழித்துச் சீடர்கள் மறுபடி உள்ளே கூடியிருந்தபோது தோமாவும் அவர்களோடு இருந்தார். அந்த எட்டு நாளை நினைத்துப் பாருங்கள். சுற்றி இருக்கும் எல்லாரும் மகிழ்ச்சியில் இருக்கிறார்கள், இவர் ஒருவருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று அவர்களும் விரட்டவில்லை. "நீங்களும் உங்கள் கதையும்" என்று இவரும் கிளம்பிப் போகவில்லை. நம்பாமலே வந்து நம்பியவர்களோடு உட்கார்ந்தார். இயேசு வந்ததும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான். பிறகு "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!" என்று அவர் சொன்னதைவிடப் பெரிய அறிக்கை நற்செய்தியில் வேறு யார் வாயிலிருந்தும் வரவில்லை. பெருவிழாவுக்கு இது போதாதா?

சரி, அவர் காயத்தைத் தொட்டாரா இல்லையா?

தொட்டார் என்று யோவான் எழுதவில்லை. "உன் கையை நீட்டு" என்கிறார் இயேசு, அடுத்த வரியிலேயே தோமா அறிக்கையிடுகிறார். காயத்துக்குள் விரலை விடுவதுபோல் நாம் பார்த்துப் பழகிய படங்களில் மிகப் புகழ்பெற்றது, இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1600-களின் தொடக்கத்தில் வரைந்தது. இயேசுவே தோமாவின் மணிக்கட்டைப் பிடித்து விரலை உள்ளே செலுத்துவதுபோல் அதில் இருக்கும். பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

எப்படியானாலும், தோமா அடையாளமாகக் கேட்டது தழும்பை. ஒளிவீசும் முகத்தையோ வானதூதர்களையோ கேட்கவில்லை. சிலுவையில் அடிபட்ட அதே ஆள்தானா என்று தெரியவேண்டும் அவருக்கு. திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூலை 3 அன்று மறையுரை ஆற்றியபோது இதை எடுத்துக்கொண்டு, பசித்தவர், நோயாளி, சிறையில் இருப்பவர் ஆகியோரின் காயங்களில்தான் இன்று இயேசுவின் காயத்தைத் தொடமுடியும் என்ற பொருளில் பேசினார்.

எனக்கும் அடிக்கடி சந்தேகம் வருகிறது. ஜெபிக்கும்போது யாரும் கேட்கிறார்களா என்றே தோன்றுகிறது. இது பாவமா?

தானாக வரும் சந்தேகத்தையும், வேண்டுமென்றே உண்மையைப் புறக்கணிப்பதையும் 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' நூல் (எண் 2088) பிரித்தே பார்க்கிறது. மனதில் தோன்றுவது ஒன்று, அதைச் சாக்காக வைத்துத் தேடுவதையே விட்டுவிடுவது வேறு. உங்கள் கேள்வியே நீங்கள் இரண்டாவது வகை இல்லை என்று காட்டுகிறது. விட்டுவிட்டவர் ஜெபிக்கமாட்டார், இப்படி வந்து கேட்கவும் மாட்டார்.

நம்பிக்கையுள்ள ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள். பங்குத்தந்தையாக இருக்கலாம், அன்பியத்தில் ஒரு அக்காவாக இருக்கலாம். தோமா தன் சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னதால்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது. கூடவே பூசைக்குப் போவதையும் நிறுத்தவேண்டாம், மனம் ஒட்டாவிட்டாலும். காரணம், மேலே சொன்ன அந்த எட்டு நாள்தான்.

"காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்" என்றால் கேள்வி கேட்காதே என்றுதானே அர்த்தம்?

கேள்வி கேட்பது இயேசுவுக்குப் பிடிக்காது என்றால் 14-ஆம் அதிகாரத்தில் தோமாவை அடக்கியிருக்கவேண்டும். வழி எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் "வழியும் உண்மையும் வாழ்வும் நானே." கல்லறை வாசகங்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் நாம் அச்சடிக்கிற வரி, தோமா குறுக்கே பேசியதால் கிடைத்தது. 'காணாமலே நம்புவோர்' என்றது பின்னால் வரப்போகிற நம்மை. அதை வைத்துப் பிள்ளைகளின் வாயை அடைக்கிற மறைக்கல்வி ஆசிரியர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

தோமையார் உண்மையிலேயே இந்தியா வந்தாரா? வாட்ஸப்பில் இரண்டு பக்கமும் வருகிறது.

கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் இறங்கினார், ஏழரைப் பள்ளிகளை (கோவில்களை) நிறுவினார், 72-இல் மயிலாப்பூர் பக்கம் கொல்லப்பட்டார் என்பது மரபு. அந்த 'அரைப் பள்ளி' கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் இருக்கிறது. இந்த ஆண்டுகளை உறுதிசெய்யும் முதல் நூற்றாண்டுக் கல்வெட்டோ ஏடோ கிடையாது. வந்திருக்க வாய்ப்பு இருந்தது. முசிறிக்கும் அரிக்கமேட்டுக்கும் ரோமானிய வணிகம் நடந்த காலம் அது. ஆனால் வாய்ப்பு இருந்தது என்பதே சான்று ஆகிவிடாது.

எழுத்தில் கிடைக்கும் பழைய கதை, 3-ஆம் நூற்றாண்டு அளவில் சிரிய மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்'. திருமறையில் சேராத நூல், புனைவும் நிறைய. ஆனால் அதில் வரும் குந்தபர் என்ற அரசன் நிஜம். அவனுடைய நாணயங்கள் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் கிடைத்திருக்கின்றன. ஆக, மரபு பழையது, கனமானது. முழுதாக நிரூபிக்கப்பட்டதா என்றால் இல்லை. நம் விசுவாசம் நிற்பது இயேசுவின் உயிர்ப்பின்மேல். தோமையார் எந்தத் துறையில் இறங்கினார் என்பதற்காக யாரோடும் சண்டைக்குப் போகவேண்டியதில்லை.

போர்த்துக்கீசியர் கட்டிவிட்ட கதை என்கிறார்களே?

இதற்கு மட்டும் உறுதியாக இல்லை என்று சொல்லலாம். போர்த்துக்கீசியர் வருவதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே, 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மார்க்கோ போலோ இந்தக் கடற்கரையில் இருக்கும் தோமாவின் கல்லறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வருவதையும், அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்த் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பதையும் எழுதுகிறார். போர்த்துக்கீசியர் கோவில்களைக் கட்டினார்கள், சில கதைகளைச் சேர்த்தார்கள். அடிமரபு அவர்களுக்கு முந்தியது.

கல்லறை சென்னை மயிலாப்பூரின் சாந்தோம் கோவிலில் என்கிறோம், எலும்பு இத்தாலியில் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. அடக்கம் செய்த இடம் மயிலாப்பூர், அங்கிருந்து எலும்புகளின் பெரும்பகுதி எடெஸ்ஸாவுக்குப் போனது என்பதே மரபு. 4-ஆம் நூற்றாண்டு சிரியப் புனிதர் எப்ரேம், ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து எலும்புகளைக் கொண்டுவந்ததாகப் பாடியிருக்கிறார். எடெஸ்ஸாவிலிருந்து கிரேக்கத்தின் கியோஸ் தீவு, அங்கிருந்து 1258-இல் இத்தாலியின் ஓர்த்தோனா. இன்றும் ஓர்த்தோனா பேராலயத்தில் வணங்கப்படுகின்றன. சாந்தோமில் நாம் இறங்கிப் பார்ப்பது கல்லறை இருந்த இடத்தை, கூடவே சிறு திருப்பண்டத்தையும் (புனிதரின் உடல் எச்சம்).

திருத்தூதர் கல்லறைமேல் கட்டப்பட்ட கோவில் உலகத்திலேயே மூன்றுதானாமே?

ரோம் புனித பேதுரு பேராலயம், ஸ்பெயினின் சந்தியாகோ, நம் சாந்தோம் என்று மூன்றைச் சொல்வார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. சலேர்னோவில் மத்தேயுவின் கல்லறை, அமால்ஃபியில் அந்திரேயாவின் கல்லறை, ரோமில் மதிலுக்கு வெளியே பவுலின் கல்லறை, எல்லாவற்றின்மேலும் கோவில் இருக்கிறது. எலும்புகளைப் பின்னால் கொண்டுவந்து வைத்த இடம் சேராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாலும் பவுலின் கல்லறை அடிபடாது. சாந்தோமுக்கு இந்த விளம்பரம் தேவையுமில்லை.

வெளியூரிலிருந்து வருகிறோம். சென்னையில் தோமையாரோடு தொடர்புடைய பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். பரங்கிமலைக்கும் சின்னமலைக்கும் மெட்ரோ இருக்கிறது, ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம். வெயில் ஏறுமுன் பரங்கிமலையில் தொடங்குங்கள். நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட படிகள், முடியாதவர்களுக்கு வண்டிப் பாதை உண்டு. மேலே பீடத்தில் இருக்கும் கற்சிலுவையை அவசரப்படாமல் பாருங்கள். 1547-இல் தோண்டும்போது கிடைத்தது. சிலுவையைச் சுற்றி வளைவாக ஓடும் எழுத்து பாரசீகத்தின் பஹ்லவி. தோமையார் தன் கையால் செதுக்கியது என்பார்கள், ஆனால் அந்த எழுத்தின் காலம் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. பாரசீகக் கிறிஸ்தவர்கள் இங்கே வந்து வாழ்ந்து ஜெபித்ததற்கு அது சாட்சி, என்னைக் கேட்டால் அதுவே பெரிய விஷயம். இந்தச் சிலுவையில் இரத்தம் கசிந்ததாகச் சொல்லப்படும் டிசம்பர் 18 மலைக்கோவிலுக்கு முக்கியமான நாள்.

சின்னமலையில் குகைக்குள் குனிந்துதான் போகவேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் பார்த்து. கடைசியாக சாந்தோம். மேலே இருக்கும் கோத்திக் பாணிக் கட்டடம் 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. கீழே கல்லறைச் சிற்றாலயம். அங்கே போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

தோமையார் கம்பம்தான் சுனாமியைத் தடுத்தது என்கிறார்களே, நம்பலாமா?

சாந்தோம் கோவிலுக்குப் பின்னால் கடற்கரைப் பக்கம் நிற்கும் கம்பத்தைச் சொல்கிறீர்கள். கடல் அதைத் தாண்டாது என்று தோமையார் சொன்னதாக ஊர்க்கதை. 2004 டிசம்பர் 26 அன்று கோவிலுக்குள் தண்ணீர் வரவில்லை, சுற்றுவட்டார மக்கள் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். அதற்கு நன்றி சொல்லலாம், தவறில்லை. ஆனால் கூப்பிடு தூரத்தில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அதே அலை மீனவக் குடும்பங்களைக் கொண்டுபோனது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று இந்த அற்புதத்தைச் சொல்ல வாய் வருமா என்று யோசித்துவிட்டு மேடையில் சொல்லுங்கள்.

அவரைக் கொன்றது யார்? எங்கள் பக்கத்தில் ஒரு சாதியைச் சொல்கிறார்கள்.

'தோமாவின் பணிகள்' நூலில் மஸ்தாய் என்ற அரசனின் ஆணைப்படி படைவீரர்கள் ஈட்டியால் குத்துகிறார்கள். மார்க்கோ போலோ கேட்ட கதையில் அது விபத்து, மயிலைக் குறிவைத்து எய்த அம்பு ஜெபித்துக்கொண்டிருந்தவர்மேல் பாய்ந்துவிடுகிறது. குறிப்பிட்ட சாதியைக் குற்றம் சொல்லும் வடிவம் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. மூன்று கதை மூன்று விதமாக இருக்கும்போது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரை முறைப்பதற்குத் திருநாள் எதற்கு? மறையுரையிலோ நாடகத்திலோ இதைக் கேட்டால் பங்குத்தந்தையிடம் நேரிலேயே சொல்லுங்கள்.

நாங்கள் சி.எஸ்.ஐ. எங்களுக்கும் இந்த நாள் உண்டா?

ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தில் டிசம்பர் 21 தோமாவின் நாள். இங்கிலாந்துத் திருச்சபை இப்போது ஜூலை 3-க்கு மாறி, விரும்புவோர் பழைய தேதியையும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் ஆலயத்தில் எப்படி என்று ஆயரைக் கேளுங்கள். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற வசனத்தைத் தியானிக்கத் தேதி எதுவும் வேண்டாம்.

பூசை, நவநாள் தவிர வீட்டில் என்ன செய்யலாம்?

யோவான் நற்செய்தியில் மேலே சொன்ன நான்கு இடங்களைப் படிப்பது முதல் வேலை. அப்புறம் 'தோமாவின் பணிகள்' நூலில் ஒரு கதை, கட்டுக்கதை என்றாலும் பிள்ளைகளுக்குச் சொல்ல நன்றாக இருக்கும். அரண்மனை கட்டச் சொல்லி குந்தபர் கொடுத்த பணத்தையெல்லாம் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்று அரசன் கேட்டால், இப்போது தெரியாது, இறந்தபிறகு பார்ப்பீர்கள் என்கிறார். நேரே சிறை. அந்த நேரம் அரசனின் தம்பி இறந்துபோகிறான், விண்ணகத்தில் அழகான அரண்மனையைப் பார்க்கிறான், உயிரோடு திரும்பி வந்து "அண்ணா, அதை எனக்கு விற்றுவிடு" என்கிறான்! தோமையார் கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலர் ஆனது இதனால்தான். அதனால் உங்கள் வீட்டையோ கோவிலையோ கட்டிய கொத்தனார், சித்தாள் யாரையாவது அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிடலாம். பட்டாசுக்கு வைத்திருக்கும் பணம் அதற்குத் தாராளமாகப் போதும்.

என் மகன் அவன் அப்பா இறந்ததிலிருந்து கோவிலுக்கே வருவதில்லை. திருநாளுக்காவது இழுத்துக்கொண்டு வரட்டுமா?

இழுக்காதீர்கள் அம்மா. கூப்பிடுங்கள். வரவில்லை என்றால் கோபிக்காமல் அடுத்த முறையும் கூப்பிடுங்கள். தோமாவிடம் மற்றவர்கள் செய்தது அவ்வளவுதான். தாங்கள் கண்டதைச் சொன்னார்கள், அவர் மறுத்தும் அவருக்கு இடம் வைத்திருந்தார்கள். அப்பா ஏன் போனார் என்று அவன் கேட்டால், "கடவுள் சித்தம்" என்று சட்டென்று முடித்துவிடாதீர்கள். உங்களுக்கும் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

பங்கில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. அவன் என்றைக்காவது வந்து கடைசிப் பெஞ்சில் நின்றால், "ஓஹோ, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று யாரும் கேட்கவேண்டாம். பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுங்கள். பூசை முடிந்ததும் அவன் அப்பாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை தெரிந்தால் சொல்லுங்கள், காப்பிக்குக் கூப்பிடுங்கள்.